மூன்றாவது நீலக்குறி

போன வாரம் சின்னவள் செய்த காரியம் உங்களுக்கு மறந்திருக்காது. மறந்தவர்களும், இன்றைக்குத்தான் இந்த வீட்டு வாசலில் வந்து நிற்கிறவர்களும் கொஞ்சம் இப்படி உட்காருங்கள். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு உள்ளே போகலாம்.

மூன்றாவது மாடியில் மூன்று பேர் வசிக்கிற வீடு. லிஃப்ட் பழுது பார்க்கிற ஒருவர், அவருடைய மனைவி சின்னவள், அவருடன் பிறந்த அக்கா. அக்காவுக்குப் பல் கட்டும் கூடத்தில் வேலை. மெழுகில் அச்செடுத்து, ஊரார் வாய்க்கெல்லாம் பல்செட் செய்து கொடுக்கத் தொடங்கி முப்பத்தொரு வருஷமாகிறது. வேலை போக மிச்ச நேரமெல்லாம் படிப்புதான். வாரத்துக்கு இரண்டு புத்தகம். படித்து முடித்ததும் ஒரு சீட்டில் தன் அபிப்பிராயத்தை எழுதிப் பின்னட்டைக்குள் செருகிவிடுவாள். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் கட்டடத்தில் பாதிப் பேர் புத்தகம் இரவல் வாங்குவார்கள். சீட்டில் புத்தகத்துக்கு விழுகிற வெட்டு அதிகம். அதனால் அவளுக்குக் கத்திரியக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கத்திரியக்காவிடம் இரண்டு சட்டங்கள் உண்டு.

முதல் சட்டம், எழுதியவர் யாரென்று தெரியாமல் படிப்பது. “பேரைப் பார்த்தா கண்ணு சாய்ஞ்சுடும்” என்பாள். ஆகவே வீட்டுக்கு வரும் புத்தகத்தையெல்லாம் சின்னவள் பழுப்புத் தாளில் சுற்றி, முதல் நாலு பக்கத்தையும் தாளுக்குள் மடித்து ஒட்டிக் கொடுக்க வேண்டும். சீட்டு எழுதிய பிறகுதான் தாளைக் கிழிப்பது.

இரண்டாவது சட்டம் தொழிலிலிருந்து வந்தது. பல்செட்டைச் சரிபார்க்கும்போது மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவில் ஒரு மெல்லிய நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். எந்தப் பல் உயரமாக இடிக்கிறதோ அங்கே நீலம் ஒட்டிக்கொள்ளும். கத்திரியக்கா படிக்கும்போது கையில் நீலப் பென்சில் வைத்திருப்பாள். எந்த இடம் பொய்யாக இடிக்கிறதோ அங்கே ஒரு குறி. மூன்று குறி விழுந்தால் புத்தகத்தை மூடிவிடுவாள். பிறகு தலைகீழாக நின்றாலும் திறக்க மாட்டாள்.

சின்னவளுக்கு ரயில் நிலையத்தில், தொலைந்த பொருள் அறையில் வேலை. அந்த மேசையில் உட்கார்ந்து, பழைய பதிவேட்டுத் தாள்களின் பின்பக்கத்தில், ஆறு வருஷம் யாருக்கும் தெரியாமல் ஒரு நாவல் எழுதியிருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன் வேறொரு பெயரில் அது புத்தகமாகவும் வந்துவிட்டது. போன வாரம் அதைத்தான் பழுப்புத் தாளில் சுற்றி, மற்ற புத்தகங்களுக்கு நடுவில் வைத்தாள். சாவி தேடப் போய்ப் பதிப்பகத்தின் கடிதத்தைக் கண்டுபிடித்த கணவருக்கு மட்டும் விஷயம் தெரியும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை. புத்தகம் நூற்று முப்பத்தாறாம் பக்கத்தில் இருக்கிறது. குறி இரண்டு விழுந்தாயிற்று.

*

சின்னவள் சமையலறையில் கரண்டிகளைத் துலக்கிக்கொண்டிருந்தாள். துலக்கின கரண்டியையே திரும்பத் திரும்பத் துலக்கிக்கொண்டிருந்தாள் என்றால் இன்னும் சரி. காது முழுக்க முன்னறையில் இருந்தது.

ஜன்னலோரம் நாற்காலியில் கத்திரியக்கா. நெற்றியில், வேலைக் கூடத்தில் மாட்டிக்கொள்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி. வீட்டுக்கு வந்தாலும் அதைக் கழற்ற மாட்டாள். பக்கம் புரளும் சத்தம். கொஞ்சம் அமைதி. மறுபடி பக்கம்.

அந்தச் சத்தத்தைச் சின்னவள் வாழ்நாளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஆனால் தான் எழுதிய பக்கத்தை இன்னொருத்தர் விரல் திருப்புகிற சத்தம் இப்படி இருக்குமென்று யார் அவளுக்குச் சொன்னார்கள்? மழைநாளில் யாரோ விட்டுவிட்டுப் போன குடையைப் பார்த்து அவள் எழுதின ஒரு வரி, இப்போது பத்தடி தூரத்தில் இன்னொரு தலைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அந்தத் தலைக்குள் குடை விரியுமா? என்ன நிறத்தில்? கரண்டி நழுவித் தொட்டியில் விழுந்தது.

“என்ன சின்னு, பாத்திரத்தோட சண்டையா?” என்று குரல் வந்தது.

“இல்லக்கா, வழுக்கிடுச்சு.”

“வழுக்கட்டும். கொஞ்சம் மெதுவா வழுக்கச் சொல்லு. இங்க ஒரு பொம்பளை சூட்கேஸைத் திறக்கப் போறா.”

சின்னவள் குழாயை மூடினாள். சூட்கேஸ்! அப்படியானால் எட்டாம் அத்தியாயம். அதைத் தாண்டினால் ஒன்பது. ஒன்பதில்தான் அவள் உயிரே இருக்கிறது.

இதில் ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும். பதிப்பகத்து அம்மாள் இரண்டாவது நாவலைக் கேட்டிருக்கிறாள். அது எழுதி முடித்து, அலமாரிக்கு மேலே போர்வைக்குள் இருக்கிறது. தரலாமா வேண்டாமா என்று இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சின்னவள் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அக்கா இந்தப் புத்தகத்தை மூடிவிட்டால், தானும் மூடிவிடுவது. போர்வைக்குள் இருப்பது போர்வைக்குள்ளேயே இருக்கும்.

ஏன் அவ்வளவு? ஆறு வருஷம் ஒவ்வொரு வரியையும் அந்த நீலப் பென்சில் தலைக்கு மேலே நிற்பதாக நினைத்துத்தான் எழுதினாள். பத்திரிகையில் இரண்டு பேர் பாராட்டினார்கள். படித்தபோது யாரோ அயலார் வீட்டுச் செய்தி மாதிரி இருந்தது.

*

காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் முட்டையும். லிஃப்ட்காரர் மனைவிக்காக உளவு வேலையில் இறங்கினார். மனிதருக்கு அதற்கான முகவெட்டே கிடையாது.

“ஏங்க்கா, இப்ப வர்ற கதைப்புத்தகமெல்லாம் எப்படி இருக்கு?”

கத்திரியக்கா ரொட்டியைப் பாதியில் நிறுத்தினாள். “உடம்புக்கு ஒண்ணும் இல்லையே உனக்கு?”

“சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்.”

“நீ கடைசியாப் படிச்ச புத்தகம் எது?”

“ஆறு பேர் லிஃப்டுக்கான பராமரிப்புக் குறிப்பு.”

“எப்படி இருந்துச்சு?”

“பதினாலாம் பக்கத்துக்கு மேல ஒரே திகில்.”

கத்திரியக்கா சிரித்துவிட்டாள். சிரித்தாளென்றால் பேச்சுக் கிளம்பிவிடும்.

“இப்ப வர்ற நாவல்ல பாருடா, யாருக்கும் வேலை கிடையாது. இருந்தாலும் என்ன வேலைன்னு தெரியாது. லேப்டாப்பைத் திறப்பாங்க, மூடுவாங்க. பசிக்காது. துணி தோய்க்க மாட்டாங்க. ஆனா கனவு மட்டும் அத்தியாயத்துக்கு ஒண்ணு வந்துடும். அடுத்தவங்க கனவைக் காசு கொடுத்துப் பார்க்கணும்னு எனக்கென்ன தலையெழுத்து?”

சின்னவள் முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நீலக்குறி முப்பத்தொன்றாம் பக்கத்தில், ஒரு கனவுக்குப் பக்கத்தில் விழுந்திருந்தது. அவளே நேற்று எட்டிப் பார்த்தாள்.

“அப்புறம் இந்த மனுஷனைத் திருத்தற புத்தகம்,” என்றாள் கத்திரியக்கா. “ஒரு வரியில சொல்ற விஷயத்தை முந்நூறு பக்கம் இழுப்பான். விடியறதுக்கு முன்னாடி எந்திரி, ஓடு, டைரி எழுதுங்கறான். அந்த நேரத்துல அவன் வீட்டுப் பாத்திரத்தை யாரு கழுவறா? அதை மட்டும் எந்த அத்தியாயத்துலயும் எழுத மாட்டேங்கறானே!”

“அப்ப எல்லாமே குப்பையா?” என்று லிஃப்ட்காரர் கேட்டார். கேட்டுவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். சின்னவள் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள்.

“யாரு சொன்னா குப்பைன்னு?” கத்திரியக்காவின் குரல் சட்டென்று இறங்கியது. “போன மாசம் பாசியைப் பத்தி ஒரு புத்தகம் படிச்சேன். கதையில்ல, நிஜம். சுவத்துல படிஞ்சு கிடக்கே, அந்தப் பாசிதான். மனுஷன் பொறக்கறதுக்குப் பல கோடி வருஷம் முன்னாடியே அது இங்க வந்து உட்கார்ந்துடுச்சாம். படிச்சு முடிச்சு ஒரு வாரம் குளியலறைச் சுவத்தைத் தேய்க்கவே எனக்குக் கை வரல. பெரியவங்க முதுகைச் சுரண்டற மாதிரி இருந்துச்சு.”

“அதான் வழுக்கி விழுந்தேன் நான்!” என்றார் லிஃப்ட்காரர்.

“விழு, பரவாயில்ல. நாவல்லயும் அப்படி உண்டு. முன்னெல்லாம் எழுதறவங்க எல்லாத்தையும் விளக்கிடுவாங்க. அவ ஏன் அழுதா, எத்தனை சொட்டு, எல்லாம். இப்ப எழுதறவங்கள்ல சில பேரு ஒரு நாற்காலியைக் காலியா விட்டுட்டுப் போயிடறாங்க. நாமதான் அதுல போய் உட்காரணும். உட்கார்ந்து பார்த்தா...” அவள் கையிலிருந்த ரொட்டியை மறந்துவிட்டாள். “யாரோ முன்பின் தெரியாத ஒருத்தி, எங்கேயோ உட்கார்ந்து எழுதறா. அது எப்படிடா என் மூச்சுக்குள்ள வந்து நிக்குது? முப்பது வருஷமாப் படிக்கிறேன். இன்னும் எனக்கு அது புரியல.”



*

கத்திரியக்கா குளிக்கப் போனாள். புத்தகம் நாற்காலியின் கைப்பிடியில் கவிழ்ந்து கிடந்தது. சின்னவள் ஈரத் துணிகளை வாளியில் அள்ளிக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

கொடியில் ஒரு போர்வையைக்கூட விரித்திருக்க மாட்டாள், உள்ளே “சர், சர்” என்று சத்தம். திரும்பினால் கணவர் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையில் அழிரப்பர்.

“என்னங்க பண்றீங்க?”

“உஷ்! ரெண்டாவது குறியைக் காலி பண்ணிட்டேன். இனிமே இன்னும் ரெண்டு விழணும். உனக்கு ஒரு உபரி.”

சின்னவள் ஈரப் போர்வையோடு வந்து எட்டிப் பார்த்தாள். எண்பத்தெட்டாம் பக்கம். கதாநாயகி அழுதவுடன் வானமும் மழையைக் கொட்டுகிற இடம். அந்த நீலக்குறி இருந்த இடத்தில் இப்போது ஒரு அடிபட்ட தழும்பு. சுற்றிலும் வெளிர்நீலத் தேமல். மழை என்ற சொல்லில் பாதி காணாமல் போயிருந்தது.

“ஐயோ! ஏங்க, உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்?”

“நல்லது பண்ணினா இப்படி!”

குளியலறைத் தாழ்ப்பாள் திறந்தது. லிஃப்ட்காரர் ரப்பரை வாய்க்குள் போட்டுக்கொண்டார். ஏன் போட்டுக்கொண்டார் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது.

கத்திரியக்கா ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தாள். புத்தகத்தை எடுத்ததும் எப்போதும்போல முன்னால் நாலு பக்கம் புரட்டி, விட்ட சரடைப் பிடித்துக்கொள்வது அவள் வழக்கம். இன்றைக்கு ஏனோ ஐம்பது பக்கம் புரண்டது. நெற்றியிலிருந்த உருப்பெருக்கியைக் கண்ணுக்கு இறக்கினாள்.

“யாரு பண்ணின வேலை இது?”

லிஃப்ட்காரர் நைசாக உள்ளே நழுவப் பார்த்தார்.

“டேய், வாயில என்ன?”

“ஒண்ணுல்லக்கா.” சொன்னது “ஒண்ணுழ்ழக்கா” என்று வந்தது.

“துப்பு.”

துப்பினார்.

“நீ லிஃப்டுல சிவப்பு விளக்கு எரிஞ்சா பல்பைக் கழட்டிட்டு வந்துடுவியா?”

“இல்லக்கா.”

“அப்புறம் என் விளக்கை ஏன் கழட்டினே? உனக்கும் புத்தகத்துக்கும்தான் ஏழாம் பொருத்தமாச்சே, திடீர்னு என்ன அக்கறை?”

லிஃப்ட்காரர் திருதிருவென்று விழித்தார். பிறகு, அவர் மூளைக்கு எட்டிய அளவில் ஒரு பொய் சொன்னார். “மழை பெய்யறது நல்ல விஷயம்தானேக்கா. அதுல போய்க் குறி போட்டிருக்கியேன்னு...”

கத்திரியக்கா தம்பியைப் பார்த்தாள். பால்கனி வாசலில் ஈரப் போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற சின்னவளைப் பார்த்தாள். பார்வை அங்கே கொஞ்சம் அதிகமாகவே நின்றது. பிறகு பென்சிலை எடுத்து, தழும்பின் மேலேயே அழுத்தமாகக் குறியைத் திரும்பப் போட்டாள்.

“இவ அழறப்பல்லாம் வந்து நிக்க வானம் என்ன இவ வீட்டு வேலையாளா? பொய்னா பொய்தான். ரெண்டு.”

சின்னவள் போர்வையை நாலாக மடித்தாள். காயப் போட வேண்டிய போர்வை அது.

*

மத்தியானம் ஒன்பதாம் அத்தியாயம் தொடங்கியது.

அந்த அத்தியாயத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. எட்டு வருஷத்துக்கு முன்னால் ரயில் பெட்டியிலிருந்து ஒரு பல்செட் சின்னவளின் மேசைக்கு வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினாள். கத்திரியக்கா விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “வயசான ஆம்பிளை. இடது பக்கம் தேய்ஞ்சிருக்கு பாரு, வலது பக்கம் அப்படியே இருக்கு. இந்தப் பக்கத்துலயேதான் மென்னிருக்காரு,” என்றாள். அவ்வளவுதான். ஆறு மாதம் யாரும் தேடி வரவில்லை. விதிப்படி அதைக் கழித்துவிட்டார்கள்.

நாவலில் சின்னவள் அதைக் கழிக்கவில்லை. அதில் வரும் பெண் அந்தப் பல்செட்டைப் பஞ்சில் சுற்றி, ஒரு பிஸ்கட் டப்பாவில் மூன்று வருஷம் பாதுகாக்கிறாள். ஒருநாள் அந்தக் கிழவர் வருகிறார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் அவர் மனைவி எப்போதும் அவருக்கு வலப்பக்கம்தான் உட்காருவாள். அவளிடம் பேச வாகாக, வாயில் இருப்பதையெல்லாம் இடப்பக்கம் ஒதுக்கி ஒதுக்கியே நாற்பது வருஷம் மென்றிருக்கிறார். அவர் பல்செட்டை வாங்கிப் போட்டுப் பார்க்கிறார். அச்சாகப் பொருந்துகிறது. சிரிக்கிறார். அத்தியாயம் முடிகிறது.

முன்னறையில் பக்கம் புரளும் சத்தம் நின்றுவிட்டது.

சின்னவள் கதவிடுக்கில் நின்றாள். கத்திரியக்கா புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். கண் புத்தகத்தில் இல்லை. தன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெழுகும் அரமும் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கிப்போன விரல்கள். அதைப் புதிதாக யாரோ அவளுக்கு மாட்டிவிட்டுப் போனது மாதிரி பார்த்தாள். உருப்பெருக்கிக்கு அடியில் அவளுடைய கண் பெரிதாக, ஈரமாக இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. பிறகு பென்சிலை எடுத்தாள்.

சின்னவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பென்சில் தாளுக்கு இறங்கியது. அத்தியாயத்தின் கடைசிப் பத்திக்குப் பக்கத்தில், சந்தேகமே இல்லாமல், ஒரு குறி.

மூன்று.

சரி, முடிந்தது என்று சின்னவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆச்சரியம், அழுகை வரவில்லை. மூடுகிற சத்தம் கேட்டுவிட்டால் போய்விடலாம் என்று காத்திருந்தாள்.

மூடுகிற சத்தம் வரவில்லை. பக்கம் புரண்டது.

இன்னொரு பக்கமும் புரண்டது.

“அக்கா,” என்றாள் சின்னவள். அவள் வாய் அவளைக் கேட்காமலே பேசியது. “மூணு விழுந்துடுச்சே.”

“தெரியும்.”

“மூடலையா?”

கத்திரியக்கா தலை நிமிரவில்லை. “மூடத்தான் பார்த்தேன். கை வரல.”

சின்னவள் மெல்ல வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தாள். “அப்படின்னா அது பொய்யில்லையாக்கா?”

“சுத்தப் பொய்!” என்று கத்திரியக்கா சீறினாள். “பல்செட்டை மூணு வருஷம் பஞ்சுல சுத்தி வெச்சாளாமே. தண்ணியில போட்டு வெக்க வேண்டாமா? காய்ஞ்சா வளைஞ்சுக்கும். அதுக்கு மேல அந்தக் கிழவரோட ஈறும் மூணு வருஷத்துல வத்திப்போயிருக்கும். அச்சாப் பொருந்துச்சாம்! எந்த வாய்க்கு? எழுதறதுக்கு முன்னாடி பல் கட்டற ஒருத்தியைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

சின்னவளுக்கு முகம் பற்றி எரிந்தது. பன்னிரண்டு வருஷம் ஒரே கூரைக்கடியில் இருந்தும் அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளால் கேட்க முடியவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்று வந்துவிடுமே.

“ஆனா...” கத்திரியக்காவின் குரல் கரகரத்தது. “முப்பத்தொரு வருஷமா நான் இந்தத் தேய்மானத்தைப் பார்க்கிறேன் சின்னு. ஆயிரம் செட்டு பார்த்திருப்பேன். இடது தேய்ஞ்சிருக்கு, வலது தேய்ஞ்சிருக்குன்னு சீட்டுல எழுதி, அரத்தை எடுத்துச் சரி பண்ணிட்டு அடுத்ததுக்குப் போயிடுவேன். அந்தப் பக்கம் யாரு உட்கார்ந்திருந்தாங்கன்னு ஒரு நாள்கூட எனக்குத் தோணலையே. நாளைக்குக் கூடத்துக்குப் போய் நான் எப்படி அரத்தைத் தொடுவேன்?”

லிஃப்ட்காரர் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் பின்வாங்கினார்.

“அதனாலதான் இதை எழுதினவங்க மேல எனக்கு ஆத்திரம்,” என்று கத்திரியக்கா தொடர்ந்தாள். “இவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போயிட்டு, கடைசியில பயந்துட்டாங்க. எனக்குக் கஷ்டமா இருக்கும்னு பயந்து பொருந்த வெச்சுட்டாங்க. அது பொருந்தவே கூடாது. அவர் போட்டுப் பார்க்கணும். ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கணும். அந்தப் பொண்ணு, ‘சரியா இருக்காங்கய்யா?’ன்னு கேக்கணும். அவர் கழட்டக்கூடாது. அந்தக் கோணல் வாயோடவே, ‘ரொம்பச் சரியா இருக்கும்மா’ன்னு சொல்லிட்டுப் போகணும்.”



சின்னவள் கிழவரைப் பார்த்தாள். தான் ஆறு வருஷம் கூடவே வைத்திருந்த கிழவர். வாய் ஒருபக்கம் தூக்கிக்கொண்டு, மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, நடைமேடையில் போய்க்கொண்டிருந்தார். இதுநாள்வரை அவர் இப்படி நடந்ததே இல்லை. தான் எழுதாத ஒன்று தன் புத்தகத்துக்குள் எப்போதும் இருந்திருக்கிறது. அதை எழுதாத ஒருத்தி போய் எடுத்து வந்துவிட்டாள். மேலெல்லாம் சிலிர்த்தது. படிக்கிறவள் என்றால் இவ்வளவா? எழுதுகிறவளைவிட ஒருபடி உள்ளே போய் நிற்பாளா?

“என்ன சின்னு, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?”

“ஒண்ணுமில்லக்கா. நீங்க சொன்னது... அப்படியே கண்ணுல நிக்குது.”

கத்திரியக்கா பழுப்புத் தாளை ஒருமுறை தடவினாள். அதன் ஒட்டு ஒரு மூலையில் லேசாக எழும்பியிருந்தது. நகத்தால் இழுத்தால் வந்துவிடும். அவள் அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

“இடது பக்கத் தேய்மானம் விஷயத்தை நான் எப்பவோ ஒரே ஒரு ஆள்கிட்டதான் பேசின ஞாபகம்,” என்றாள். “யாருகிட்டன்னு வர மாட்டேங்குது. நீ ஞாபகப்படுத்தாதே. இன்னும் எழுபது பக்கம் பாக்கி இருக்கு. நான் கண்ணு சாயாம முடிக்கணும்.”

சின்னவள் எழுந்தாள். கால் தரையில் பாவவில்லை.

*

ஐந்து மணிக்கு ஃபோன் வந்தது. சின்னவள் அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். லிஃப்ட்காரர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, ஒரு காலிச் சட்டியைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார். ஃபோன் பேச்சு வெளியே கேட்காமலிருக்க அவர் செய்த ஏற்பாடு.

“முடிவு பண்ணிட்டீங்களா?” என்றாள் பதிப்பகத்து அம்மாள். “அங்க என்ன, ஏதாவது கட்டட வேலையா?”

“வீட்டுக்காரர்தான். ரெண்டாவதைத் தர்றேங்க. நாளைக்கே அனுப்பறேன்.”

“நல்லதும்மா!”

“ஒரு விஷயம். முதல் புத்தகம் மறுபடி அச்சுக்குப் போறப்ப ஒன்பதாவது அத்தியாயத்துல கடைசிப் பத்தியை மாத்தணும். இப்ப இருக்கறது பொய்.”

“பொய்யா? படிச்சவங்க எல்லாரும் அதைத்தானே சொல்லிச் சொல்லி அழறாங்க?”

“சரியாப் படிச்ச ஒருத்தங்க சொல்லிட்டாங்க.”

ஃபோனை வைத்ததும் லிஃப்ட்காரர் சட்டியை நிறுத்தினார். “தப்பிச்சியா?”

“தெரியல. அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு நினைக்கிறேன். தெரியாத மாதிரி இருக்காங்க.”

“அதான் பாதி படிச்சாச்சே. இன்னும் என்ன பயம் உனக்கு?”

சின்னவள் கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். “கடைசி அத்தியாயத்துல ஒரு நாத்தனார் வர்றாங்க.”

லிஃப்ட்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். “எந்த மாதிரி நாத்தனார்?”

“கல்யாணமே பண்ணிக்காத நாத்தனார். ஏன் பண்ணிக்கலன்னு ஒரு காரணம் எழுதியிருக்கேன்.”

“யாரு சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லல. நானே பார்த்துப் பார்த்து எழுதினேன்.”

“அது நிஜமா, பொய்யா?”

“அதுதாங்க எனக்கும் தெரியாது.”

அவர் முகத்தில் இருந்த விளையாட்டு அப்படியே வடிந்துபோனது. அக்காவைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று அந்த முகத்தில் வந்து நின்றது. வாயைத் திறந்தார்.

அப்போதுதான் முன்னறையில் கத்திரியக்கா சிரித்தாள்.

வாய்விட்டு, நாற்காலி குலுங்கச் சிரித்தாள். சின்னவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே வரியைத் திரும்பப் படித்து, மறுபடியும் சிரித்தாள். சின்னவள் மனசுக்குள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். பத்தாம் அத்தியாயம். காலி நடைமேடை, பூட்டிய அறை, திரும்பி வராத ஒரு கடிதம். ஒவ்வொரு வரியையும் அழுதுகொண்டே எழுதியது அவளுக்கு நினைவிருந்தது. சிரிக்கிற மாதிரி அதில் ஒரு வரிகூட அவள் எழுதவில்லை.

“எந்த இடம்கா?”

“பேசாதே,” என்றாள் கத்திரியக்கா, சிரிப்பு அடங்காமல். “நானும் இதை எழுதினவங்களும் பேசிக்கிட்டிருக்கோம்.”